பாடியவர் பெயர் போடவில்லை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் இது நடந்தது. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில், எங்கள் வீட்டு வரிசையிலேயே, பட்டப்பகலில் நடந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வாழை இலை வாங்கிக் கொடுத்தவளே நான்தான்.

அந்த ஜூலை மாதம் நஞ்சுண்டன் தன் மகளின் குரலைப் பறிகொடுக்க இருந்தான். யாமினி, ஏழு வயசு. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, கும்பிடாத தெய்வமில்லை என்று பெற்ற ஒரே குழந்தை. வாய் ஓயவே ஓயாது. "இவளுக்கு பேட்டரி எங்க இருக்கு கண்மணி, கொஞ்ச நேரம் கழட்டி வைக்கலாமா?" என்று அவள் அம்மாவிடம் நானே கிண்டல் பண்ணியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

நஞ்சுண்டன் கோபிச்செட்டிபாளையத்துக்காரன். என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன், அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன். மருந்துக் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை. தங்கமான பையன், ஒரே ஒரு கிறுக்கைத் தவிர. பழைய இசைத்தட்டு. அதிலும் சோல் என்கிற பாட்டு. கறுப்பின மக்கள் சர்ச்சில் பாடிப் பாடிப் பழகிய தொண்டையோடு காதலையும் பிரிவையும் பாடினால் அதுதான் சோல். கேட்டால் அடிவயிற்றில் என்னவோ செய்யும். கோபியில் பிறந்தவனுக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று கண்மணி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அவனுக்கு ஒரு சின்னத் தட்டு கிடைத்தது. நடுவில் பெரிய ஓட்டை உள்ள ரகம். 'ஸ்க்ரீன் டோர் ரெக்கார்ட்ஸ், ட்ரென்டன், நியூ ஜெர்சி' என்று போட்டு, கீழே ஒரு தெருவின் பெயரும் வீட்டு எண்ணும் இருந்தன. பாடியவர் பெயர் மட்டும் இல்லை. போட்டுக் கேட்டால் ஒரு பெண் குரல். வயசானவளின் கனத்த குரல். பாட்டு முடிந்ததும் ஒரு சத்தம்.

க்க்ரீ...ங். டப்!

ஸ்க்ரீன் டோர் உங்களுக்குத் தெரியும்தானே? வாசல் கதவுக்கு வெளியே இன்னொரு வலைக்கதவு. ஸ்பிரிங் போட்டது. கையை விட்டால் தானாக வந்து அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம்தான்.

நஞ்சுண்டன் தோண்ட ஆரம்பித்தான். அந்த லேபிள், அதாவது தட்டு போட்ட கம்பெனி, மொத்தம் நாலே தட்டுதான் வெளியிட்டிருக்கிறது. எல்லாம் எழுபது, எழுபத்தொன்றில். நாலிலும் அதே குரல். நாலிலும் பெயர் இல்லை. லேபிளை யார் ஆரம்பித்தார்கள், ஏன் மூடினார்கள் என்று இந்தக் கிறுக்கு உள்ள எவருக்கும் தெரியவில்லை. நான் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினான் நம்ம ஆள்.

சனிக்கிழமை மத்தியானம். கண்மணிக்கு அன்றைக்கு ஆபீஸ் வேலை. அதனால் யாமினியையும் காரில் ஏற்றிக்கொண்டு ட்ரென்டன் போனான். வெயில் மண்டையைப் பிளந்தது. தெரு கிடைத்தது, வீடும் கிடைத்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்று. வாசலில் வலைக்கதவு.

யாமினியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தட்டுவதற்கு மறு கையைத் தூக்கினான். வலைக்குப் பின்னால் ஒரு அம்மாள் நின்றிருந்தார். அவனுக்காகவே காத்திருந்ததுபோல.

மஞ்சள் உடை. வலை வழியே முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று வந்தது. ஆனால் அந்த வீட்டு ஜன்னல் எதிலும் ஏசி இல்லை.

அந்த அம்மாள் பேசியது ஆங்கிலம்தான். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"இந்தத் தட்டுல பாடினது யாரு மேடம்?" என்று கேட்டான் நஞ்சுண்டன்.

"எல்லாருக்கும் பாட்டு வேணும். என்னை உள்ளே கூப்பிடத்தான் ஆளில்லை."

உள்ளே நிற்பவர் இப்படிச் சொல்கிறாரே என்று அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. இன்னொன்றும் கவனித்தான். பேச்சு நின்றுவிட்டது... உதடு மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? தேங்க்யூ சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். இவன் கொங்குநாட்டுக்காரன். மீட்டர் பார்க்க வந்தவனைக்கூட சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுகிற ஜாதி. மனசு கேட்கவில்லை. வாய் தன் பாட்டுக்கு மரியாதை பேசிவிட்டது.

"என்ன மேடம் இப்படிச் சொல்லிட்டீங்க? ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வாங்க. என் ஒய்ஃப் நல்லா சமைப்பா. எப்ப வேணும்னாலும் வாங்க. உங்க வீடு மாதிரி."

அதை அவன் சொன்ன இங்கிலீஷ் எனக்கு மனப்பாடம். "இட் இஸ் யுவர் ஹவுஸ் ஒன்லி, மேடம்."

நம் ஊரில் இதற்கு 'ஆகட்டும் தம்பி' என்று ஒரு பதில் வரும். அதோடு முடிந்தது. யாரும் வரப்போவதில்லை, யாரும் உலை வைக்கப்போவதுமில்லை. ஆனால் அந்த அம்மாள் வலையை ஒட்டி வந்தார்.

"நிஜமாத்தான் சொல்றியா?"

"சத்தியமா மேடம்."

"அந்தக் குழந்தை பாடுமா?"

"பாட்டு கிளாஸ் போறா. நல்லா பாடுவா."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். திரும்பி காருக்கு வந்து யாமினிக்கு பெல்ட் போட்டான். அவள் சீட்டில் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"ஏன் பாப்பா ஒதுங்கற? நடுவுல உக்காரு."

"ஷீ நீட்ஸ் ஸ்பேஸ், அப்பா."

அவன் சிரித்தான். குழந்தை விளையாடுகிறது என்று நினைத்தான், பாவம்.

மறுநாள் காலை. கண்மணி அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுக்களைக்குப் பின்பக்கம்...

க்க்ரீ...ங். டப்!

"ஏனுங்க, அது என்ன சத்தம்?"

"பக்கத்து வீட்ல ஏதாச்சும் இருக்கும்."

நஞ்சுண்டன் அப்படிச் சொன்னானே தவிர, காபியை வைத்துவிட்டுப் பின்கதவைப் போய்ப் பார்த்தான். அவர்கள் வீட்டில் இருப்பது இழுத்துத் திறக்கிற கண்ணாடிக் கதவு. எங்கள் வரிசையில் எந்த வீட்டிலும் வலைக்கதவு கிடையாது. அசோசியேஷன் அனுமதிக்காது.

அன்றிலிருந்து யாமினி சாப்பிட உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் இன்னொரு சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைத்தாள். யாருக்கு என்று கேட்டால் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள். கூடவே ஒரு ராகத்தை முனகினாள். அந்த இசைத்தட்டில் இருந்த ராகம். நஞ்சுண்டன் அதை ஹெட்ஃபோனில் மட்டும்தான் கேட்டிருந்தான். வீட்டில் வேறு யாரும் கேட்டதில்லை.

அந்த வாரமே பாட்டு டீச்சர் புஷ்பவல்லி கண்மணிக்கு ஃபோன் பண்ணினார்.

"கண்மணி, யாமினிக்கு சளி கிளி ஏதாவது பிடிச்சிருக்கா? மேல் ஷட்ஜம் வரவே மாட்டேங்குது. குரல் ரொம்ப... எப்படிச் சொல்றது... பெரிய மனுஷி குரல் மாதிரி இருக்கும்மா."

பெரிய மனுஷி குரல்தான். நானே கேட்டேன். என் வீட்டுக்கு வந்து "ஆன்ட்டி, கேன் ஐ ஹேவ் வாட்டர்?" என்றாள். எனக்குப் பின்னால் வேறு யாரோ ஒரு பொம்பளை பேசுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. இந்தப் பொடிசுதான் நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அடுத்த வாரம் பேச்சு குறைந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு வார்த்தை இல்லை. வாயைத் திறக்கும். காற்று மட்டும் வரும். கண்மணி ராத்திரியும் பகலும் அழுதாள். அந்த வீட்டில் வாய் மூடாத குழந்தை ஊமையாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே பெற்ற வயிறு எரிந்தது.

நஞ்சுண்டனுக்கு அடி நெஞ்சில் சந்தேகம் தட்டியது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மறுபடியும் ட்ரென்டன் போனான்.

அதே தெரு. அதே எண்.

வாசலுக்கு ப்ளைவுட் அடித்து மூடியிருந்தது. மழையில் நனைந்து நனைந்து அதுவே கறுத்து உப்பியிருந்தது. படியைப் பிளந்துகொண்டு ஒரு மரக்கன்று, கை மொத்தத்துக்கு வளர்ந்து நின்றது. வலைக்கதவு இல்லை. வலைக்கதவு மாட்டிய கீல் அடையாளம்கூட இல்லை.

எதிர் வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்தவர், "நான் இங்க குடிவந்ததிலேர்ந்து அது மூடித்தான் கிடக்குது" என்றார். "பாட்டு சம்பந்தமான விஷயம்னா வெண்டல்கிட்ட கேளுங்க. அவங்க அப்பா வீடுதான் அது. அவர் இப்ப பக்கத்து ஊர் ஈவிங்ல குடியிருக்கார். வெளியூர் போயிருக்கார், அடுத்த வாரம் வருவார்."

நஞ்சுண்டன் வீட்டுக்கு வந்து கண்மணியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"வீட்டுக்கு வாங்கன்னு சொன்னீங்களா?"

"சும்மா ஒரு மரியாதைக்குத்தான் கண்மணி..."

"சாப்பிட வாங்கன்னு சொன்னீங்களா, இல்லீங்களா?"

"சொன்னேன்."

"வந்தவங்களுக்கு இத்தனை நாளா இலை போட்டீங்களா?"

கண்மணி பெருந்துறைக்காரி. அவளுக்குப் பேய் பிசாசு நம்பிக்கையெல்லாம் கிடையாது, மைக்ரோபயாலஜி படித்தவள். ஆனால் கூப்பிட்ட விருந்தாளியை வெறும் வயிற்றோடு உட்கார வைப்பது அவளைப் பொறுத்தவரை பாவத்திலும் பாவம்.

"அக்கா, கடைக்குப் போய் ஃப்ரோசன் வாழை இலை வாங்கிட்டு வாங்க. நான் உலை வைக்கிறேன்" என்று எழுந்துவிட்டாள். "சாப்பாடு போட்டு அனுப்பிடலாம். அனுப்பறப்ப நாந்தான் பேசுவேன். நீங்க வாயத் திறக்கப்படாது."

மறுநாள் மத்தியானம். நல்ல வெயில், ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. நாலு இலை. நஞ்சுண்டன், கண்மணி, யாமினி... யாமினிக்குப் பக்கத்தில் ஒன்று. என்னைக் கண்மணி வர வேண்டாம் என்றுவிட்டாள். இனிமேல் நான் சொல்வது நஞ்சுண்டன் சொல்லக் கேட்டது.

சோறு போட்டார்கள். பருப்பு, நெய், கத்திரிக்காய் குழம்பு. நாலு இலையிலும் ஆவி பறந்தது.

நாலாவது இலையில் மட்டும் ஆவி நின்றது.

சட்டென்று. விளக்கை அணைத்ததுபோல.

மீன் வறுக்கிற வாசனை வந்தது. அன்றைக்கு வீட்டில் மீன் இல்லை.

கண்மணி மறுபடியும் சோறு போட்டாள். மறுபடியும் ஆவி நின்றது. "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று அந்த இலையைப் பார்த்துக் கேட்டாள். அவள் குரல் நடுங்கவில்லை.

யாமினி தலையை ஆட்டினாள். போதும் என்று.

பிறகு...

நாலாவது இலை மடங்கியது.

தானாக.

நாம் விருந்தில் மடிப்பதுபோல் உள்பக்கமாக இல்லை. இழவுச் சாப்பாட்டில் மடிப்பார்களே... அப்படி. வெளிப்பக்கமாக.

நஞ்சுண்டன் எழுந்தான். கண்மணி போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துத் திறந்தாள்.

தரையில் சத்தமில்லை. ஆனால் ஜில்லென்று ஏதோ அவனைக் கடந்து போனது. வாசலுக்குப் போய் நின்றது. நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

வழியனுப்பும் வார்த்தைக்காக நிற்கிறது.

அவன் வாய் திறந்தது. பிறந்ததிலிருந்து பழகிய வாய்.

"போயிட்டு வா..."

கண்மணி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். பல்லில் பட்டு அவள் விரலில் ரத்தம்.

"போங்க" என்றாள் வாசலைப் பார்த்து.

நம் வீடுகளில் யாரும் யாரையும் பார்த்துச் சொல்லாத வார்த்தை. முக்கி முனகி மறுபடியும் சொன்னாள்.

"போங்க. வராதீங்க. கோ."

எதுவும் அசையவில்லை.

ஒரு மூச்சு.

இன்னொரு மூச்சு.

க்க்ரீ...ங்.

டப்!

"அம்மா" என்றாள் யாமினி. "மோர் எங்க?"

கண்மணி அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஐந்து வீடு தள்ளி எனக்குக் கேட்டது. ஓடினேன். யாமினி பேசிக்கொண்டிருந்தாள், நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மெலிந்த குரல், லேசாக மூக்கால் பேசுவதுபோல. இத்தனை நாள் ஓய்ந்து கிடந்த தொண்டை, அப்படித்தான் இருக்கும் என்றாள் கண்மணி. நானும் ஆமாம் என்றேன். நாங்கள் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். நஞ்சுண்டன்தான் விடவில்லை. யார் அந்த அம்மாள் என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஈவிங் போனான்.

வெண்டல் எழுபதை நெருங்கிய மனிதர். சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறவர். பொறுமையாக உட்காரவைத்து காபி கொடுத்தார். தட்டைக் கையில் வாங்கித் துடைத்துப் பார்த்தார். "இதுல டிரம்ஸ் நான்தான். அப்ப எனக்கு மீசைகூட முளைக்கல" என்றார்.

"பாடினது யாரு சார்? ஏன் பேர் போடல?"

அவர் தட்டை மேசைமேல் வைத்தார்.

"எங்கப்பா ஆம்ப்ரோஸ், ரேடியோ ரிப்பேர் பண்றவர். பாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. எங்க தெருவுல ஒரு சின்னப் பொண்ணு திடீர்னு பெரிய பொம்பளை குரல்ல பாட ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட சொன்னா நம்பலை. அவருக்குக் காட்டத்தான் அப்பா எங்க வீட்டுக்கு அடியில இருக்கற பேஸ்மென்ட்ல வச்சு டேப்ல பிடிச்சார். கேட்டவங்கெல்லாம் அழுதுட்டாங்க. அதனால தட்டா போட்டார். அப்படித்தான் லேபிள் ஆரம்பிச்சுது. குழந்தை பேரைப் போட அவருக்கு மனசு வரலை."

"நாலு தட்டும் அந்தப் பொண்ணா?"

"இல்லை. நாலு தட்டு, நாலு குழந்தைங்க. குரல் மட்டும் ஒண்ணு."

நஞ்சுண்டன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"பாட்டு கடைசியில கதவுச் சத்தம் வருதே..."

"எங்க பேஸ்மென்ட்ல கதவே கிடையாது, தம்பி. அந்த வீட்டுக்கே ஸ்க்ரீன் டோர் இருந்ததில்லை. டேப்பைப் போட்டா சத்தம் இருந்துச்சு. அதையே அப்பா பேரா வச்சுட்டார். நாலாவது குழந்தை எங்க வீட்டுக் குழந்தை. என் தங்கச்சி பெர்னிஸ். அதோட அப்பா லேபிளை மூடிட்டார்."

"குழந்தைங்களுக்கு மறுபடி பேச்சு வந்துச்சா?"

"முதல் பொண்ணு ஊமையாவே கிடந்தா. அந்தப் பெரிய குரல் ரெண்டாவது பொண்ணைப் பிடிச்ச பிறகுதான் இவ பேசினா. ஆனா அவ குரல்ல இல்லை, ரெண்டாவது பொண்ணோட குரல்ல. ரெண்டாவதுக்கு மூணாவது குரல் வந்துச்சு. மூணாவதுக்கு என் தங்கச்சியோடது. எங்கம்மா அந்தப் பொண்ணு வாயிலேர்ந்து பெர்னிஸ் குரலைக் கேட்டுக் கேட்டு அழுவாங்க. அந்தப் பொண்ணு இந்த ஜூன்லதான் கேன்சர்ல செத்துட்டா, பெர்னிஸ் குரலும் அவளோட போச்சு. பெர்னிஸ் இன்னிவரைக்கும் பேசலை."

அப்போது நஞ்சுண்டனின் ஃபோன் அடித்தது. வீட்டிலிருந்து. பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"அப்பா, வென் ஆர் யூ கமிங்? வரும்போது பால் வாங்கிட்டு வா. அம்மா சொன்னா."

வெண்டல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தக் குழந்தையைப் பேசச் சொல்லு" என்றார். "நிறுத்தாம பேசச் சொல்லு."

உள்ளே போய் ஒரு அம்மாளைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். நரைத்த தலை, அறுபதுக்கு மேலிருக்கும். யாமினி ஃபோனில் எதையோ அளந்துகொண்டிருந்தாள். நீச்சல் கிளாஸ், தமிழ்ப் பள்ளி, பக்கத்து வீட்டு நாய். பெர்னிஸ் தன் தொண்டையில் கையை வைத்தார்.

அவர் உதடு அசைந்தது. யாமினியின் ஒவ்வொரு வார்த்தைக்கும், கூடவே. தமிழ் வார்த்தைக்கும்.

"என் தங்கச்சி" என்றார் வெண்டல். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. "என் தங்கச்சி குரல் இது."

நஞ்சுண்டன் பால் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தான். கண்மணியிடம் சொல்லவில்லை. வீட்டுக்குள் போகாமல், யாமினியைப் பார்க்க வந்திருந்த என் பக்கத்தில் தன் வீட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னான். "எம்புள்ள வாயில பேசறது பெர்னிஸ் குரல்னா, எம்புள்ள குரல் எங்கக்கா?" என்று என்னைக் கேட்டான்.

உள்ளேயிருந்து "அப்பா!" என்று குழந்தை கூப்பிட்டது. அவன் எழுந்து போகவில்லை.